சாமியாரம்மா இல்லை, சந்நியாசினி

"சாமியாரம்மா" என்று கூப்பிட்டால் அந்த அம்மா திரும்பிப் பார்க்க மாட்டார். காது கேட்காதவர் மாதிரி நடந்துகொண்டே இருப்பார். மறுபடி கூப்பிட்டாலும் அப்படித்தான். விடாமல் கூப்பிடுகிற பொறுமைசாலி யாராவது அகப்பட்டால், நின்று, முழு உடம்பையும் திருப்பி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுப்பதுபோல, "சந்... நியா... சினி" என்பார். எதிரில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை இடத்தை விட்டு நகர மாட்டார்.

நான் அப்போது செங்கம் சாலையில் பெண்கள் தையற்கடை வைத்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற ஊர் கொள்ளாத கூட்டம் வரத் தொடங்கியிருந்த காலம். எங்கள் ஊரில் காவித் துணிக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. ஆசிரமத்தில் மதியம் சோறு போடுவார்கள், வெளியூர்க்காரர்கள் போர்வை கொடுப்பார்கள், இருந்துவிடலாம் என்று காவி கட்டியவர்கள் நடைபாதை நெடுக உட்கார்ந்திருப்பார்கள். ஆண் என்றால் சாமியார், பெண் என்றால் சாமியாரம்மா. அந்த வார்த்தையில் கொஞ்சம் மரியாதையும் உண்டு, கொஞ்சம் கிண்டலும் உண்டு. மீந்த இட்லியைக் கொடுத்தனுப்பும்போது வாயில் தானாக வருகிற வார்த்தை அது. சந்நியாசினி என்பது அப்படி இல்லை. ஆசிரமத்தில் பிரசங்கம் நடந்தால் ஒலிபெருக்கியில் காதில் விழும், அதோடு சரி. தெருவில் யாரும் அதைப் புழங்கி நான் கேட்டதில்லை.

என் கடைக்கு எதிரே ஒரு டீக்கடை. அதை நடத்திய அண்ணன் அடி அண்ணாமலைக்காரர். அங்கே கிரிவலப் பாதையை ஒட்டி அவருக்குக் கொஞ்சம் வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. காலையில் முதல் வேலையாக அந்த அம்மாவைச் சீண்டினால்தான் அவருக்கு வியாபாரம் ஓடும்.

"இன்னா சாமியாரம்மா, டீ குடுக்கட்டா?"

பதில் வராது.

"காலங்காத்தாலேயே கோவமா சாமியாரம்மா?"

"சந்நியாசினி."

"அது நம்ம வாயில நொழைய மாட்டேங்குது தாயீ. சுருக்கமா சன்னின்னு கூப்பிடட்டா?"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். காய்ச்சல் முற்றிப் பிதற்றுவதைத்தான் எங்கள் பக்கம் சன்னி என்போம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தைத்துக்கொண்டிருந்த துணியில் முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த அம்மா அன்று டீ வாங்கவில்லை. வாங்குகிற நாளிலும் சாலையைக் கடந்து போய் வாங்க மாட்டார். கடைப் பையன் கொண்டுவந்து வைக்க வேண்டும். அது ஆறி, மேலே ஆடை படிந்து, ஈ வந்து உட்காரும்வரை காத்திருந்துவிட்டு ஒரே மடக்காகக் குடிப்பார்.

எல்லோரும் அதைத் திமிர் என்றோம். நானும்தான். படுக்க ஒரு கூரை இல்லை, பட்டம் மட்டும் முழுசாக வேண்டுமாம் என்று என் கணவரிடம் சொல்லிச் சலித்துக்கொண்டிருக்கிறேன். ஐம்பது வயதைக் கடந்த, ஒடிசலான, கறுத்த உருவம். பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சு. ஊர் எது, பேர் எது என்று கேட்டால், "அதெல்லாம் செத்துப் போச்சு" என்று முடித்துவிடுவார்.

நெருப்பு விஷயத்திலும் அப்படித்தான். மார்கழியில் நடைபாதைச் சாமியார்கள் அட்டைப்பெட்டி, பழைய டயர் எல்லாவற்றையும் கொளுத்திச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்வார்கள். இவர் மட்டும் எட்டப் போய் ஒரு பூட்டிய கடை ஓரத்தில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடுங்குவார். கூப்பிட்டால், "சந்நியாசிக்கு நெருப்பு ஆகாது. நெருப்ப விட்டுட்டு வந்தவங்க நாங்க" என்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை வாசல்களில் கற்பூரம் கொளுத்திப் பூசணிக்காய் உடைக்கிற நேரத்தில், அந்தப் பக்கம் வராமல் சந்து சந்தாகச் சுற்றிப் போவார். கோயிலில் குருக்கள் தட்டை நீட்டினால் இரண்டடி பின்னால் நகர்ந்துகொள்வார். விபூதி மட்டும் வாங்கிக்கொள்வார்.

சாமியே நெருப்பாக நின்ற ஊர் இது. இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு நெருப்பு ஆகாது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும். கார்த்திகை தீபத்தன்று நாட்டில் இருக்கிற சனமெல்லாம் எங்கள் ஊருக்குள் வந்துகொண்டிருக்க, அந்த அம்மா ஒருவர் மட்டும் ஊரை விட்டு வெளியே போவார். என் கணவர் கீழ்பென்னாத்தூர் தடத்தில் பேருந்து நடத்துநர். அவர்தான் வந்து சொன்னார்.

"வர்ற வண்டியெல்லாம் கூரை மேல வரைக்கும் ஆளு. போற வண்டியில அந்தம்மா ஒண்ணுதான். கீழ்பென்னாத்தூர்ல எறங்கி, பஸ் ஸ்டாண்டுல செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்துக்கிச்சு. அங்கருந்து பாத்தாலும் மல மேல தீபம் தெரியுதில்ல? அதான் முதுகக் காட்டிக்கினு ஒக்காந்திருக்குது."

"சாமிக்கே முதுகா?" என்றேன்.

"நீயே போய்க் கேளு" என்றார்.

கேட்கவில்லை. ஆனால் இன்னொன்று எனக்கு விநோதமாகப் பட்டது. பௌர்ணமிக்கு வருகிற வெளியூர்ப் பெண்கள் காவியைக் கண்டால் காலில் விழுந்துவிடுவார்கள். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மாள் என் கடை வாசலிலேயே இவர் காலில் விழுந்து, "சாமியாரம்மா, என் பொண்ணுக்கு வரன் பாத்துட்டு இருக்கோம், ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றார். இவர் காலை இழுத்துக்கொண்டு, "நான் யாரு? சொல்லு" என்றார். அந்த அம்மாள் திருதிருவென்று விழித்தார். வழக்கமான பாடம் நடந்தது. சந்நியாசினி என்று சரியாகச் சொன்ன பிறகு, ஆசீர்வாதத்துக்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தது.

"மாப்ள வீட்ல ஸ்டவ்வா, கேஸா?"

"தெரியலையேம்மா."

"அத்தப் பாரு மொதல்ல. சமையக்கட்டு எந்தப் பக்கம், கதவு உள்பக்கம் தாப்பா போடுதா, வெளிப்பக்கம் போடுதா, அத்தப் பாரு. ஜாதகம் அப்புறம் பாக்கலாம்."

டீக்கடை அண்ணன் அதையும் விடவில்லை. "சாமியாரம்மா கேஸ் ஏஜென்சி எடுத்திருக்குதுடோய்" என்று கத்தினார். பெண் பிள்ளை வைத்திருக்கிற யார் வந்தாலும் இந்தக் கேள்வி உண்டு. கேட்டவர்கள் பயந்துபோய்ச் சில்லறையைப் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். எனக்கும் அந்த அம்மாவை நினைத்தால் ஒரு மாதிரி இருந்தது. கொஞ்சம் புத்தி பிசகியவரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பதில் ஒரு வெயில் நேரத்து மதியத்தில் கிடைத்தது. என் கடையில் கரி போடுகிற இஸ்திரிப்பெட்டி இருந்தது. அதனாலேயே அந்த அம்மா கடைக்குள் கால் வைத்ததில்லை. காவித் துணிக்கு ஓரம் அடிக்க வேண்டுமென்றால் வெளியே சாக்கடைப் பலகைக்கு அப்பால் நின்று வீசிப் போடுவார். அன்றும் அப்படி நின்றிருந்தார். நான் பெட்டியைத் திறந்து கரியைக் கிளறிக்கொண்டே யாருடனோ பேச்சுக் கொடுத்ததில், ஒரு கங்கு தெறித்து என் முந்தானையில் விழுந்துவிட்டது. அந்தக் காலத்து நைலக்ஸ் புடவை. பொசுக்கென்று பிடித்துக்கொண்டது. எனக்கு விளங்குவதற்குள் அந்த அம்மா பலகையைத் தாண்டி உள்ளே பாய்ந்து, இரண்டு வெறும் கையாலும் அந்தத் துணியைப் பிடித்துக் கசக்கினார். அணைந்த பிறகும் விடவில்லை. "போ, போ, போ" என்று எதையோ விரட்டுகிற மாதிரி அடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்குப் புடவையில் ஓட்டை விழுந்ததோடு போயிற்று. அவருடைய உள்ளங்கை இரண்டும் உருகிய நைலக்ஸ் ஒட்டிக் கொப்பளித்துவிட்டன. குடத்துத் தண்ணீரை அப்படியே கையில் ஊற்றினேன். கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு அவரை உட்காரவைத்தேன். நான் எதையும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

"எனக்கு ஒரே பொண்ணும்மா. ஆரணியில குடுத்தேன். ஸ்டவ்வு வெடிச்சிருச்சின்னு ஆள் அனுப்பினாங்க. போயிப் பாத்தேன். ஸ்டவ்வு அப்படியே இருந்தது, ஒரு நசுங்கல் இல்ல. ஆஸ்பத்திரியில வாழ எலையில போட்டு வெச்சிருந்தாங்க. 'எரியுதும்மா, எரியுதும்மா'ன்னே சொல்லிக்கினு இருந்தா. விசிறி விசிறி என் கை வுட்டுப் போச்சு. மூச்சு நின்னப்போ, அப்பாடா இனிமே எரியாதுன்னு நெனச்சேன். பெத்தவ நெனைக்கிற நெனப்பா அது? ஆனா நெனச்சேன்."

உள்ளங்கையில் ஒட்டியிருந்த நைலக்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சாயங்காலம் எடுத்துக்கினு போயி மறுபடியும் கொளுத்தினாங்க. மண்ணுல போடுங்கடா, அது கொஞ்சம் ஆறட்டும்னு அவனுங்க கால்ல வுழுந்தேன். எங்க வழக்கம் எரிக்கறதுதான்னுட்டாங்க. ஒரே பொண்ண ரெண்டு தடவ எரிச்சாங்கம்மா."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

அதற்கப்புறம் எங்கெங்கோ அலைந்து இந்த ஊருக்கு வந்திருக்கிறார். வந்த புதிதில் ஆசிரமத்துப் பெரியவர் ஒருவர் இறந்து, அவரை உட்காரவைத்து மண்ணில் இறக்கியதைப் பார்த்திருக்கிறார். ஏன் எரிக்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்க, சந்நியாசி தன் கருமாதியைத் தானே முடித்துக்கொண்டவர், அவரை எரிக்கக் கூடாது என்று சொன்னாராம்.

"அன்னிக்கே புடவையக் காவிச் சாயத்துல நனைச்சுக் கட்டிக்கினேன். சாமிக்காகக் கட்டல. பொய் சொல்ல மாட்டேன். மண்ணுக்காகக் கட்டினேன்."

"அதுக்கு எதுக்கும்மா அந்த வார்த்தையப் புடிச்சிக்கினு எல்லார்கிட்டயும் மல்லுக்கு நிக்கறீங்க?"

"சாமியாரம்மான்னா யாரும்மா? நாலு பேர் போட்ட சோத்தத் தின்னுட்டு உசுரோட கெடக்கறவ. நாளைக்கு நான் செத்தா, 'சாமியாரம்மா செத்துட்டா'ன்னு தூக்கிக்கினு போயி கொளுத்திடுவாங்க. 'சந்நியாசினி செத்துட்டா'ன்னு ஒருத்தன் சொன்னான்னு வெச்சிக்கோ, இன்னொருத்தன் நின்னு யோசிப்பான். அதுக்குத்தான் உசுரோட இருக்கறப்பவே எல்லார் வாயிலயும் போட்டு வெக்கறேன்."

திமிர் என்று நாங்கள் சிரித்ததெல்லாம் இதைப் பார்த்துத்தான். காரணத்தை மற்றவர்களிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "சொன்னா பரிதாபப்படுவாங்க. பரிதாபத்த வெச்சி ஒண்ணும் நடக்காது. முறைன்னு ஒண்ணு சொன்னாத்தான் சனம் கேக்கும்."

அன்று முதல் நான் அவரைச் சந்நியாசினி என்றே கூப்பிட்டேன். என் கணவரையும் கூப்பிட வைத்தேன். தைக்க வருகிறவர்கள் சாமியாரம்மா என்றால் நானே திருத்தினேன். டீக்கடை அண்ணன் மட்டும் மசியவில்லை. "உனக்கும் சன்னி கண்டுடுச்சா தங்கச்சி?" என்றார்.

என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்களில் ஆசிரமத்து மாதாஜி ஒருவர் இருந்தார். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு முறையாகத் தீட்சை வாங்கியவர். முறைப்படி பார்த்தால் அவர்தான் சந்நியாசினி. ஆனால் தன்னைப் பற்றி அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பொய் பேச மாட்டார் என்று ஊரில் பேர். மனது கேட்காமல் அவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, இவருக்கும் தீட்சை கொடுக்க முடியாதா என்று கேட்டேன்.

"செத்தப்புறம் இந்த உடம்பை என்ன பண்ணுவாங்கங்கற கவலை இருக்கிற வரைக்கும் ஒருத்தர் சந்நியாசினி ஆக முடியாதும்மா" என்றார் மாதாஜி.

"ஆனாத்தான் அந்தக் கவலை போகும்ங்கறாங்க மாதாஜி" என்றேன்.

அவர் ஜாக்கெட் துணியைக் கூட மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் சில நாளில் அந்த அம்மாவை ஆசிரமத்துக்கு அழைத்துப் போய் மாட்டுக் கொட்டகை வேலைக்கு வைத்துக்கொண்டார். சமையற்கட்டுப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார். சில வருஷங்கள் அப்படிப் போயின. ஒருநாள் மாதாஜி கடைக்கு வந்து, ஆசிரமத்தில் இப்போதிருக்கும் பெரியவர் சம்மதித்துவிட்டார், சொந்தக்காரர் ஒருவரிடமும் சொல்லி அனுப்பிச் சம்மதம் வாங்கியாகிவிட்டது, தீட்சைக்கு நாள் குறித்திருக்கிறது என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் புதுக் காவித் துணி எடுத்து ஓரம் அடித்துக் கொடுத்தனுப்பினேன்.

தீட்சை நாள் காலையில் நான் கடை திறந்து பெருக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மா சாலையில் வருகிறார். தலை மழுங்க மழிக்கப்பட்டிருக்கிறது. கட்டியிருப்பது நான் கொடுத்த காவி இல்லை, ஈர வெள்ளைத் துணி. நடைபாதையில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நேத்து எனக்கு நானே பிண்டம் வெச்சேம்மா. கை நடுங்கல. நிம்மதியா இருந்தது. இன்னிக்கு இன்னாடான்னா கடைசியா ஒரு ஹோமம் பண்ணணுமாம். நெருப்ப விடறதுக்கு நெருப்பு முன்னாடிதான் ஒக்காரணுமாம். நெய்ய ஊத்தினாங்க, குப்புன்னு வந்துச்சு. 'எரியுதும்மா'ன்னு என் காதுல கேட்டுச்சு. எழுந்து வந்துட்டேன்."

"மறுபடியும் கேட்டுப் பாக்கலாம்மா. வேற வழி இருக்கும்."

"இல்ல. இருந்தா அவங்க சொல்லியிருப்பாங்க."

மாதாஜியும் பின்னாலேயே வந்து கூப்பிட்டுப் பார்த்தார். அந்த அம்மா அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாரே தவிர எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. அந்த அம்மா யாரையும் திருத்துவதை நிறுத்திவிட்டார். சாமியாரம்மா என்று கூப்பிட்டால் உடனே திரும்பினார். டீக்கடை அண்ணனே ஒருநாள் சங்கடப்பட்டு, "இன்னாம்மா, சண்ட போட மாட்டேங்கற?" என்றார். நான் பிடிவாதமாகச் சந்நியாசினி என்று கூப்பிட்டபோது, என் வாயைப் பொத்துகிற மாதிரி கையை நீட்டி, "வேணாம்மா, இனிமே அது பொய்யி" என்றார். தழும்பு ஏறிய உள்ளங்கை. முன்பெல்லாம் அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது எரிச்சல்பட்ட நான், அது காதில் விழாதா என்று ஏங்கிக்கொண்டு வருஷக்கணக்கில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஐப்பசி. விடாத அடைமழை. காலையில் டீக்கடையைத் திறக்க வந்த அண்ணன்தான் பார்த்தார். பூட்டிய கடை ஒன்றின் வாசலில், மழைச்சாரல் படாத மூலையில், சுருண்டு படுத்த நிலையிலேயே உயிர் போயிருந்தது.

ஆசிரமத்துக்குச் சொல்லி அனுப்பினோம். தீட்சைக்குச் சம்மதம் கேட்டபோது கிடைத்த சொந்தக்காரருக்கு அவர்கள் தகவல் கொடுத்தார்கள். அந்த அம்மாவின் அண்ணன் மகன் அவர். மதியத்துக்குள் செய்யாறு பக்கத்திலிருந்து வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், உழைத்துக் காய்த்த கை. "அத்தே" என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த அம்மாவின் பெயரை அவர் வாயிலிருந்துதான் முதல்முறையாகக் கேட்டேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

அழுது முடித்ததும், "வண்டி ஏற்பாடு பண்ணுங்கண்ணா. நான் கொள்ளி வெக்கறேன்" என்றார்.

"அவங்கள எரிக்கக் கூடாதுங்க" என்றேன். "பொதைக்கணும். அதான் அவங்க ஆச."

"தெரியும்க்கா. அத்தைக்கு நெருப்புன்னா பயம், நானும் அறிவேன். அதுக்காக நாதியத்தவ மாதிரி மண்ணத் தள்ளி மூடிட்டுப் போவ முடியுமா? எங்க வழக்கம் எரிக்கறதுதான். அந்தப் பொண்ணு எனக்கு மொறப்பொண்ணு. எனக்குக் குடுத்திருந்தா இன்னிக்கு உசுரோட இருந்திருக்கும். இவங்களும் எனக்கு மாமியாரா இருந்திருப்பாங்க. இந்த ஒரு கொள்ளியாச்சும் நான் வெக்கறேன்."

அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது? தெருவும் அவர் பக்கம்தான் பேசியது. "கொள்ளி வெக்க ஆளு வந்திருக்குது. ஒரு சாமியாரம்மாவுக்கு இதுக்கு மேல இன்னா வேணும்?" என்றார் டீக்கடை அண்ணன். அந்த அம்மா சொன்னபடியேதான் நடந்தது. பெண்ணின் கதையை நான் அழுதுகொண்டே சொன்னேன், எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள், மூங்கில் வாங்க ஆள் போய்விட்டது.

"அவங்க சாமியாரம்மா இல்ல, சந்நியாசினி!" என்று கத்தினேன்.

அந்த வார்த்தைக்கு ஒருவர் நின்றார். வயசானவர், பக்கத்து விபூதிக் கடைக்காரர். "அப்படின்னா எரிக்கக் கூடாதே. யாருப்பா தீட்ச குடுத்தது?" என்றார். எல்லோரும் அப்போதுதான் குடையோடு வந்து நின்ற மாதாஜியைப் பார்த்தார்கள்.

மாதாஜி அந்த அம்மாவின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கிப் பார்த்தார், மறுபடி மூடினார். பிறகு அண்ணன் மகனைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க ஆசிரமத்துல, என் கண் முன்னாடி, இவங்க தலை மழிச்சாங்க. தனக்குத் தானே பிண்டம் வெச்சாங்க. கருமாதி முடிஞ்சு போனவங்களுக்கு இன்னொருத்தர் கொள்ளி வைக்கிற முறை கிடையாது தம்பி."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஹோமத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அண்ணன் மகன் மழையில் நின்றபடி, "அப்போ நான் இவங்களுக்கு யாருமே இல்லீங்களா?" என்று கேட்டார். மாதாஜி குடையை அவர் பக்கம் நீட்டினார். "முதல் பிடி மண்ணு நீங்க போடுங்க" என்றார்.

சந்நியாசினி என்று முடிவானதும் தெருவே மாறிவிட்டது. எடுக்கும்போது அரோகரா போட்டார்கள். டீக்கடை அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடி அண்ணாமலையில் தன் கொல்லையில் ஒரு மூலை தருகிறேன் என்றார். குழி வெட்டி, உட்காரவைத்து, உப்பும் விபூதியும் வில்வமும் கொட்டினார்கள். பெண்கள் வரக்கூடாது என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்காமல் நானும் போய் நின்றேன். மழையில் மண் குளுகுளுவென்று இருந்தது. ஜெயித்துவிட்டீர்கள் அம்மா என்று மனதுக்குள் சொன்னேன். மாதாஜி அதன் பிறகு வெகுநாள் மௌன விரதத்தில் இருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் போனேன். அடி அண்ணாமலை வந்ததும் கால் தானாக அந்தக் கொல்லைக்குத் திரும்பியது. தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். வாசலில் பலகை: "ஸ்ரீ சந்நியாசினி அம்மாள் ஜீவ சமாதி". எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. உள்ளே சிமெண்டு மேடை. மேடை தெரியாதபடிக்கு அகல் விளக்குகள். நடுவில் ஒரு தட்டு, அதில் கட்டி கட்டியாகக் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிகிறது. அணையப் போகும்போதெல்லாம் வரிசையில் வருகிறவர்கள் இன்னொன்றைப் போடுகிறார்கள். கொட்டகைக்குள் நிற்க முடியாத சூடு. மேடையைத் தொட்டுப் பார்த்தேன், கை பொறுக்கவில்லை.

டீக்கடை அண்ணன் ஓரத்தில் மேசை போட்டுக் கற்பூரம் விற்றுக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது? அவங்களுக்கு நெருப்பு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அது உசுரோட இருந்தப்போ தங்கச்சி. இப்ப தெய்வமாயிட்டாங்க. சாமியாரம்மாவா போயிருந்தா ஒரு நாயி எட்டிப் பாக்காது. சந்நியாசினி சமாதின்னா வெளக்கு இல்லாம இருக்குமா? நீதானே சொன்ன சந்நியாசினின்னு?"

வெளியே குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் குடம் இருந்தது. நிரப்பிக்கொண்டு வந்தேன். எங்கள் வீடுகளில் விளக்கை ஊதக் கூடாது, அணைப்பது என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அதெல்லாம் தெரிந்துதான் தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளி, ஒவ்வொரு விளக்காகத் தெளித்துக்கொண்டே போனேன். தட்டில் மிச்சத்தைக் கவிழ்த்தேன். வரிசையில் நின்ற ஒரு பெண் பதறிப்போய் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பொம்பளையா நீ? சாமி வெளக்க அணைக்கறியே, நீ வெளங்குவியா?"

"அணைக்கலம்மா," என்றேன். "குளிர வெக்கறேன்."